அம்பின் முனையும் ஒளியின் முனையும்

கையில் அம்புகளோடு பள்ளிவாசலுக்குள்ளோ கடைத்தெருவிலோ செல்ல நேர்ந்தவர் அவற்றின் முனைகளைப் பற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளும் எடுத்துரைக்கின்றன. பயான்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம், தலையசைத்தும் இருக்கிறோம். ஆயினும் இதில் அடங்கியுள்ள ஒரு நுட்பத்தை நாம் கருதிப் பார்ப்பதில்லை. அம்பைச் சுமந்து செல்லும் அம்மனிதருக்கு யாரையும் குத்த வேண்டும் என்ற நிய்யத்து இல்லை. அவர் தொழப் போகிறார். அல்லது கொள்ளவும் கொடுக்கவும் போகிறார். தீய எண்ணம் சிறிதும் இல்லாத அவரை நோக்கித்தான் அக்கட்டளை பிறந்தது. தீயவனுக்குச் சொல்ல வேண்டியவை வேறு.

சில மாதங்களுக்கு முன் திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் உறவினர் வீட்டு வலீமா விருந்து. மண்டப வாசலில் இரும்புத் தாங்கியின்மேல் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய பச்சை நிற ஒளிக்கற்றைகள் மலைக்கோட்டைப் பாறைக்கும் மேலே எழும்பி, சிறுமலைப் பக்கமும் கொடைக்கானல் மலைப் பக்கமும் மாறி மாறிச் சுழன்றுகொண்டிருந்தன. நிக்காஹ் வீட்டுக்கு இது தேவையா என்ற வாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதைப் பேசுவதற்கு ஜமாஅத்தில் ஆள் இருக்கிறது. விளக்கைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞரிடம், "தம்பி, இந்த வெளிச்சம் எதுவரைக்கும் போகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது சும்மா ஆகாசத்துக்குப் போகுது பாய். அங்கே யாரு இருக்கா?"

அங்கே யார் இருக்கிறார்? எளிய கேள்வி. இதற்கு 1957 அக்டோபருக்கு முன் ஒரு விடை. அதற்குப் பின் வேறு விடை. இன்று பூமியைச் சுற்றி இயங்கிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவற்றுள் பல, கீழ்நோக்கித் திறந்த கண்களை உடையவை. 2018 நவம்பரில் 'கஜா' புயல் கரையைக் கடந்து நம் திண்டுக்கல் மாவட்டத்தின் ஊடாகவே சென்று, கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்ததே, அப்புயல் கடலில் உருவான நாள்முதல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவை இத்தகைய கண்களே. மீனவருக்கு மீன்வளம் உள்ள கடற்பகுதியைச் சொல்பவையும் இவையே.

லேசர் என்னும் சீரொளியை 1960 மே மாதத்தில் அமெரிக்க அறிஞர் தியடோர் மைமன் முதன்முதலாக உண்டாக்கிக் காட்டினார். சாதாரண விளக்கின் ஒளி நாற்புறமும் சிதறும். சீரொளி ஒரே திசையில் கட்டுக்கோப்பாகச் செல்லும். அதுவும் சிறிது விரிவடையத்தான் செய்கிறது. கடைகளில் விற்கும் சுட்டொளிக் கருவியின் கற்றை, 500 கிலோமீட்டர் உயரத்தை எட்டும்போது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்துவிடும். அவ்வளவு மெலிந்த ஒளி எந்தச் செயற்கைக்கோளையும் ஒன்றும் செய்துவிடாது. ஆகவே வலீமா வீட்டு விளக்கு விண்வெளியில் பெருஞ்சேதம் விளைவித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. விமானியின் கண்ணுக்கு அது தரக்கூடிய ஆபத்து உண்மையானது. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் காவல்துறை இத்தகைய விளக்குகளுக்குத் தடை விதித்ததும் அதனாலேயே. ஆனால் செயற்கைக்கோளுக்கு ஆபத்து வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

1997 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஒரு சோதனை நடந்தது. ஏறத்தாழ 420 கிலோமீட்டர் உயரத்தில் சென்றுகொண்டிருந்த தங்கள் சொந்தச் செயற்கைக்கோள் ஒன்றை நோக்கி அமெரிக்க இராணுவத்தினர் லேசரைச் செலுத்தினர். பேராற்றல் வாய்ந்த 'மிராக்கல்' என்னும் லேசரே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆயினும் அனைவரையும் திடுக்கிட வைத்தது அதுவன்று. குறிபார்ப்பதற்குத் துணையாக வைத்திருந்த 30 வாட் அளவுள்ள சிறு லேசரே அச்செயற்கைக்கோளின் கண்ணைச் சற்று நேரம் குருடாக்கப் போதுமானதாயிருந்தது. 30 வாட் என்பது நம் வீட்டு மின்விசிறி இழுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு. ஒன்றரை மீட்டர் ஆடியின் வழியே குறிதவறாமல் செலுத்தப்பட்டதும், மேலே இருந்த கண் தானும் ஒரு தொலைநோக்கியாய் இருந்ததுமே காரணம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்த சிறுவர் எவருக்கும் இது விளங்கும். தூரத்து மெல்லிய ஒளியையும் குவித்துக் காண்பதற்காகச் செய்யப்பட்ட கண், அந்தத் திறனாலேயே சுட்டெரிக்கப்படுகிறது.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னு அல்-ஹைதம் அவர்களை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று முன்னோர் பலர் நம்பியிருந்த காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் நிறுவினார். அதற்கு அவர் முதலில் எடுத்துக்கொண்ட சான்று என்ன? சூரியனை உற்று நோக்கினால் கண் வலிக்கிறது என்பதுதான். ஒளி கண்ணைத் துன்புறுத்துகிறது; ஆகவே ஒளி கண்ணின்மீது செயல்படுகிறது. ஒளியியல் என்னும் கலையே கண் புண்படும் என்ற எண்ணத்திலிருந்து தொடங்கியது போலும். நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தாரும் நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துவருகிறார்கள். ஆனால் எவரும் அதை வெறுங்கண்ணால் பார்ப்பதில்லை.

மேலே சொன்ன 1997 சோதனை வேண்டுமென்றே செய்யப்பட்டது. என் கவலை வேண்டாமலே நிகழ்வதைப் பற்றியது. வானை நோக்கி லேசர் செலுத்துபவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் பகைவர் அல்லர். 1998 முதல், திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி ஆய்வகத்தில் இந்திய, ஜப்பானிய அறிஞர்கள் அமைத்த கருவி நொடிக்கு 20 முறை பச்சை ஒளித்துடிப்பை நேர் மேலே செலுத்தி, மேல்வளிமண்டலத்தின் தூசியையும் வெப்பத்தையும் அளந்துவந்தது. அதற்கும் முன்பே, நம் தமிழகத்துக் காவலூரில் இந்திய விண்வெளி ஆய்வுத் துறையின் நிலையம் சோவியத் அறிஞர்களின் துணையோடு லேசரைச் செலுத்திச் செயற்கைக்கோள்களின் தூரத்தை அளந்தது. இவற்றால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக நான் சொல்லவில்லை; அறிவு தேடுவோரும் அம்பு சுமந்து கடைத்தெருவில் நடக்கிறார்கள் என்பதைக் காட்டவே இவற்றைக் குறிப்பிட்டேன்.

தூரம் அளக்கும் இக்கலையிலேயே ஒரு விசித்திரம் உண்டு. சில செயற்கைக்கோள்கள் லேசரை விரும்பி வரவேற்பவை. 1976-இல் ஏவப்பட்ட 'லாஜியோஸ்' என்பது 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதன் உடலெங்கும் 426 பிரதிபலிப்பான்கள். ஒளியைப் பெற்று வந்த வழியே திருப்பி அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 2003-இல் ஏவப்பட்ட 'ஐஸ்சாட்' அப்படிப்பட்டதன்று. தன் தூரத்தை அளந்து சொல்லும்படி தரை நிலையங்களை அது வேண்டியது. ஆனால் பனிப்பாறைகளை அளப்பதற்காகக் கீழ்நோக்கி வைத்திருந்த அதன் ஒரு மீட்டர் தொலைநோக்கிக்குள் நேர்க்கீழிருந்து வரும் லேசர் புகுந்தால் கெட்டது. ஆகவே அது அடிவானத்திலிருந்து 70 பாகைக்கு மேலே வந்துவிட்டால் கருவியை நிறுத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. சாய்வாக வரும்போது நட்பாயிருக்கும் ஒளி, தலைக்கு நேரே வரும்போது பகையாகிறது. செலுத்துபவரின் மனத்தில் எந்த மாற்றமும் இல்லை. கோணம் மட்டுமே மாறியிருக்கிறது. நிய்யத்து ஒன்றைக் கொண்டே செயலை எடைபோடலாம் என்று எண்ணுவோர் இதைச் சற்று ஆராய வேண்டும்.

அமெரிக்கர்கள் இதற்கென்று ஒரு முறையை வகுத்துள்ளனர். அவர்களுடைய பாதுகாப்புத் துறை 2000-இல் வெளியிட்ட ஆணைப்படி, விண்ணிலுள்ள பொருள்களைத் தாக்கக்கூடிய லேசரைச் செலுத்த விரும்பும் அத்துறையின் பிரிவுகள் 'லேசர் கிளியரிங்ஹவுஸ்' எனப்படும் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும்: எங்கிருந்து, எந்தத் திசையில், என்ன ஆற்றலில், எந்நேரத்தில் என்று. அவர்கள் கணக்கிட்டு, இன்ன மணித்துளியிலிருந்து இன்ன மணித்துளி வரை செலுத்தாதீர் என்று பட்டியல் அனுப்புவார்கள். ஹவாய் தீவின் மௌனா கியா மலையிலுள்ள பெரிய தொலைநோக்கி நிலையங்கள், காற்றுமண்டலக் கலக்கத்தைச் சரிசெய்வதற்காக வானில் ஒரு செயற்கை விண்மீனை லேசரால் உண்டாக்குகின்றன. அவையும் இப்பட்டியலுக்குக் கட்டுப்பட்டே நடந்துவருகின்றன. அபூர்வமான ஒரு விண்மீன் மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேரம் வந்துவிட்டால் லேசரை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். விமானங்களைக் கவனிப்பதற்காக, 4,200 மீட்டர் உயரத்துக் கடுங்குளிரில் இரவு முழுதும் வெளியே நின்று வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்களையும் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். பின்னரே அப்பணிக்குத் தானியங்கிக் கருவிகள் வந்தன.

இம்முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் நேரம் இருக்கும்; பெயர் இருக்காது. எந்தச் செயற்கைக்கோளுக்காக நிறுத்தச் சொல்கிறார்கள், அது யாருடையது, மழையைப் பார்ப்பதா, படையைப் பார்ப்பதா என்று சொல்வதில்லை. இரகசியச் செயற்கைக்கோள்களும் அதில் அடங்குமாதலால் சொல்ல மாட்டார்கள். முகம் தெரியாத, பெயர் தெரியாத ஒருவருக்காகக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த அண்டை வீட்டாரை நமக்குத் தெரியும், பெருநாளன்று பிரியாணி கொடுத்தனுப்புவோம். பெயரே அறியாதவருக்குரிய ஹக்கு எத்தகையது?

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இத்தகைய வினாவை அறியாதவர்கள் அல்லர். அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் தவறுதலாக நேர்ந்துவிட்ட கொலையைப் பற்றிப் பேசுகிறது. தவறுதலாகக் கொன்றவன் கொலைகாரனுக்கு ஒப்பானவன் அல்லன். ஆயினும் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையும், அதற்கு மேல் தனக்கும் இறைவனுக்கும் இடையே பரிகாரமும் அவன்மீது கடமையாகின்றன. இதற்குச் சட்ட நூல்கள் தரும் உதாரணம் நாம் பேசும் பொருளுக்கு வெகு அருகில் உள்ளது: மானுக்கு எய்த அம்பு மனிதன்மேல் பட்டால் என்ன செய்வது? எய்தவன் குற்றமற்றவன் என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் உதுமானிய அரசு ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா'வும் இதை இரண்டாகப் பகுத்தது. நேரடியாகச் செய்தவன் எண்ணமின்றிச் செய்தாலும் பொறுப்பாளி. வெறும் காரணமாக மட்டும் இருந்தவன் வேண்டுமென்றே செய்தால்தான் பொறுப்பாளி. அப்படியாயின் ஒளி செலுத்துபவர் எவ்வகை? தனக்குரிய நிலத்தில் கிணறு வெட்டியவன், வேறொருவன் தானாக வந்து விழுந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒளியைச் செலுத்துபவர் அப்படிச் சொல்ல இயலாது. அவருடைய கருவியிலிருந்து புறப்பட்டது வேறெவர் கையும் படாமல் நேராகச் சென்று சேர்கிறது. என் சிற்றறிவுக்கு எட்டியவரை அவர் எய்தவரே. ஆலிம்கள் வேறு கருத்துச் சொன்னால் கேட்டுத் திருத்திக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.

உலக நாடுகளின் சட்டம் இவ்விஷயத்தில் எங்கே நிற்கிறது? 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, ஒரு நாடு மற்ற நாடுகளின் நலனையும் கருத்தில் கொண்டு நடக்க வேண்டும் என்கிறது. 1972-ஆம் ஆண்டுப் பொறுப்பு உடன்படிக்கை இழப்பீட்டைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. இந்தியா இரண்டிலும் பங்கு பெற்றுள்ளது. ஆனால் இரண்டாவது உடன்படிக்கை, விண்வெளிப் பொருளால் விளையும் சேதத்தைப் பற்றியது மட்டுமே. தரையில் நிற்கும் லேசர் விண்வெளிப் பொருள் அன்று. செயற்கைக்கோள் உடைந்து திண்டுக்கல் வயலில் விழுந்தால் இழப்பீடு உண்டு. திண்டுக்கல் வயலிலிருந்து சென்ற ஒளி செயற்கைக்கோளைக் கெடுத்தால் அந்தச் சட்டம் வாய் திறவாது. மனிதர்களைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்து 1995-இல் வியன்னாவில் செய்த உடன்படிக்கையும் இதே போன்றுதான்: குருடாக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஆயுதம் கூடாது, முறையான இராணுவப் பயன்பாட்டின் பக்க விளைவாகக் கண் போனால் அத்தடை பொருந்தாது. மானுக்கு எய்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்காக, எல்லாம் நம் நூல்களில் முன்பே இருக்கிறது என்று மார்தட்டிக்கொள்வதில் பயனில்லை. விண்வெளியைப் பற்றிய இத்தகைய பேச்சில் முஸ்லிம் நாடுகளின் குரல் எங்கே உரத்துக் கேட்கிறது?

இனி ஒரு வலுவான மறுப்பு. இதை என் நண்பர் ஒருவர் எழுப்பினார். நான் பல நாள் விடை தெரியாமலிருந்தேன். அல்ஹுஜுராத் அத்தியாயம் துருவித் துருவி உளவு பார்ப்பதைத் தடுக்கிறது. அனுமதியின்றி ஒருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவன்மீது வீட்டுக்காரர் கல்லெறிந்து அவன் கண் போனாலும் எறிந்தவர்மீது குற்றமில்லை என்ற கருத்தில் ஹதீஸும் வந்திருக்கிறது. வானிலிருக்கும் கண்களில் பல, பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவையே அல்லவா? வல்லரசுகளின் உளவுக் கண்களுக்காக ஏழை நாட்டு ஆய்வாளர் ஏன் தன் விளக்கை அணைக்க வேண்டும்?

இக்கேள்வியின் கூர்மையை நான் மறுக்கவில்லை. பெயரில்லாப் பட்டியல் புயலைப் பார்க்கும் கண்ணையும் உளவுக் கண்ணையும் ஒரே போர்வைக்குள் மறைத்து வைக்கிறது என்பதும் உண்மை. அது எனக்கு உவப்பானதன்று. எனினும் அந்த ஹதீஸில் வரும் வீட்டுக்காரர் யார்? எட்டிப் பார்ப்பவனைக் கண்டவர். இன்னான் என்று அறிந்தவர். தம் வீட்டின் மறைவைக் காக்கவே எறிந்தவர். தோட்டத்தில் மாங்காய்க்குக் கல்லெறிந்து, அது சுவருக்கப்பால் யார் கண்ணிலோ பட, "அவன் எட்டிப் பார்த்திருப்பான்" என்று பிறகு சொல்லிக்கொள்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. உளவைத் தடுப்பது ஒரு வழக்கு. அதை அரசுகள் வாதாடட்டும், தீர்ப்புச் சொல்லட்டும். கவனக்குறைவு வேறு வழக்கு. முந்தையதன் நியாயத்தைப் பிந்தையதற்குப் போர்த்தக் கூடாது.

அதோடு, உளவுக் கண் என்று நாம் வெறுப்பவற்றுள் சில, குருடானால் எல்லோருக்கும் ஆபத்தானவை. 1975 அக்டோபர், நவம்பர் மாதங்களில், ஏவுகணை புறப்பட்டால் எச்சரிப்பதற்காக அமெரிக்கா நிறுத்தியிருந்த செயற்கைக்கோள்களின் உணர்கருவிகள், சோவியத் மண்ணிலிருந்து வந்த பேரொளியால் கூசிப்போயின. சோவியத் லேசர் தாக்கிவிட்டது என்ற ஐயம் பத்திரிகைகளில் பரவியது. எரிவாயுக் குழாய்களில் பற்றிய தீயே காரணம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விளக்கம் தந்தது. இரு பக்கமும் அணுகுண்டுகளோடு நின்ற காலத்தில், கண் கூசியதற்குக் காரணம் தீயா பகையா என்று தெரியாமல் கழிந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒளிக்கு முகவரி கிடையாது. 2023 ஜனவரியில் ஹவாய் வானத்தில் பச்சைக் கோடுகள் பளிச்சிட்டபோது, அவை ஒரு நாசா செயற்கைக்கோளிலிருந்து வந்தவை என்று ஜப்பானிய வானியலார் முதலில் அறிவித்தனர். பின்னர், சீனச் செயற்கைக்கோள் ஒன்றாயிருக்கக்கூடும் என்று திருத்தினர். கற்றறிந்தோரே தடுமாறும் இடம் இது.

அண்மைக் காலத்தில் இது இன்னும் சிக்கலாகியிருக்கிறது. லேசர் ஓரிடத்தில் கட்டடம் கட்டி நிலைநிறுத்தப்படும் பொருளாக இருந்தவரை, அது எங்கிருக்கிறது என்பதேனும் தெரியும். 2025 ஏப்ரல் 13 அன்று ஆந்திரத்தின் கர்நூலில் நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 30 கிலோவாட் ஆற்றலுள்ள லேசர் ஆயுதத்தை வண்டியில் ஏற்றி, ஆளில்லா விமானத்தை வீழ்த்திக் காட்டியது. நாட்டின் பாதுகாப்புக்கு அது வேண்டியதாகவே இருக்கலாம். அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஆளில்லா விமானம் பறப்பது சில ஆயிரம் அடி உயரத்தில். குறி தப்பிய துப்பாக்கிக் குண்டு எங்கோ தரையில் விழுந்துவிடும். குறி தப்பிய ஒளி விழுவதில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. இன்று ஓரிடத்திலும் நாளை நூறு கல் தள்ளியும் நிற்கும் வண்டிக்கு, பல நாள் முன்னதாகக் கணக்கிட்ட பட்டியல் எவ்வாறு பயன்படும்? பகைவனின் விமானம் பட்டியல் பார்த்து வருவதுமில்லை. 2022-இல் இந்திய விண்வெளித் துறை, செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதாமல் காப்பது முதலான பணிகளுக்குப் பெங்களூரில் ஓர் அமைப்பைத் தொடங்கியது. வானை நோக்கிச் செலுத்தப்படும் வலிய லேசர்கள் அனைத்துக்கும் ஒரு பதிவேடு அங்கே இருக்க வேண்டும் என்பதும், ஆய்வகமோ படைப்பிரிவோ எதற்கும் அதிலிருந்து விலக்குக் கூடாது என்பதும் என் கருத்து. போர்க்களத்தின் அவசரத்துக்கு வேறு விதி வேண்டுமாயின் அதை வெளிப்படையாக எழுதி வைக்கலாம். பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரன் சொல்கிறேன்: சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத பூட்டை நாங்கள் பூட்டு என்று மதிப்பதில்லை.

அன்றிரவு விளக்குக்காரத் தம்பியிடம் நான் இவற்றில் எதையும் சொல்லவில்லை. பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள்; தொலைநோக்கியையும் மஜல்லாவையும் விளக்க அது நேரமுமன்று. "மதுரைக்கு விமானம் போகிற வழி தம்பி, ஓட்டுகிறவர் கண்ணில் பட்டால் ஆபத்து" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் அப்போது ஒன்றும் தென்படவில்லை. "நீங்க சொன்னா சரி பாய்" என்று பெட்டியைச் சாய்த்து, ஒளியை மண்டபத்துச் சுவர்மேல் விழும்படி திருப்பி வைத்தார். குழந்தைகள் ஓடிவந்து அந்தப் பச்சைப் பூக்களைக் கையால் பிடிக்கத் தொடங்கினர். அவர் மறுபடியும் பெட்டியருகே சென்று, அவர்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.